துளசி தழைத்தது, வாசம் போனது: தழைச்சத்து கூடினால் இலையின் சாரம் குறையுமா?

ராமமூர்த்திநகர் மாடி | ஜூன் 8, காலை 6.50

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். நாற்பது பைகள், எல்லாம் 12 அங்குலப் பை. பாதிக்கு மேல் கீரை, மீதி துளசி, புதினா, மிளகாய், தக்காளி. ஜனவரியிலிருந்து வாரம் தவறாமல் ஒரு கிலோ கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து எல்லாப் பைகளுக்கும் ஊற்றி வருகிறேன். செடிகள் தளதளவென்று வந்திருக்கின்றன. துளசி இலை ஒவ்வொன்றும் இளம் வெற்றிலை அளவுக்கு அகன்று, கரும்பச்சையாக நிற்கிறது.

ஆனால் வாசம் இல்லை. முதலில் சொன்னது என் மாமியார். அவருக்குக் காலையில் துளசித் தண்ணீர் வேண்டும். "பார்க்கத்தான் துளசி, வாயில் வெச்சா புல்லு" என்றார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பழைய பெயின்ட் வாளியில் ஒரு துளசி தானாக முளைத்து நிற்கிறது. அதற்கு நான் எதுவும் போட்டதில்லை. இலை சிறியது, நரம்பெல்லாம் கருஞ்சிவப்பு. அதைக் கிள்ளினால் விரல் அரை மணி நேரம் மணக்கிறது. பையில் இருப்பதும் அதே செடியின் விதைதான்.

நன்றாகச் சாப்பாடு போட்ட செடிக்கு ஏன் சாரம் குறைகிறது? மருத்துவ குணம், ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்கிறார்களே, அதுவும் சேர்ந்து குறையுமா? அப்படியானால் நான் ஐந்து மாதமாக வீட்டாருக்குக் கொடுத்த கீரை?

தங்கவயல் விவசாயி மகன் | ஜூன் 8, காலை 7.35

அம்மா, தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம். பிண்ணாக்கை ஒரு மாதம் நிறுத்துங்கள். மிளகாயின் கொழுந்து இலைக்கு அடியில் அசுவினிப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள், இருக்கும்.

ராமமூர்த்திநகர் மாடி | ஜூன் 8, காலை 8.10

இருக்கிறது அண்ணா! இரண்டு வாரமாக வேப்பெண்ணெய் தெளித்தும் போகவில்லை. ஆனால் நான் யூரியா ஒரு சிட்டிகை கூடப் போட்டதில்லை. எல்லாம் இயற்கை உரம். அதுவுமா அதிகமாகும்?

ஹெப்பாள் ஆய்வகம் | ஜூன் 8, இரவு 9.20

திசு வளர்ப்புக் கூடத்தில் வேலை செய்கிறேன். படித்தது தாவர உயிர்வேதியியல். இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. கடலைப் பிண்ணாக்கில் தழைச்சத்து ஏறக்குறைய 7 சதவீதம். ஒரு கிலோவில் 70 கிராம். யூரியாவில் 46 சதவீதம் என்பதால் உங்கள் ஒரு கிலோ பிண்ணாக்கு சுமார் 150 கிராம் யூரியாவுக்குச் சமம். நாற்பது பைக்குப் பிரித்தால் ஒரு பைக்கு வாரம் 1.75 கிராம் தழைச்சத்து. இப்போது வயலோடு ஒப்பிடுங்கள். 12 அங்குலப் பையின் வாய் சுமார் 0.07 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து போடும் வயலில் அந்த அளவு இடத்துக்கு ஒரு பயிர்க்காலம் முழுவதற்கும் கிடைப்பது 0.7 கிராம். அதைப்போல இரண்டரை மடங்கை நீங்கள் ஒவ்வொரு வாரமும் ஊற்றியிருக்கிறீர்கள். எல்லாம் ஒரே நாளில் கரைந்து வேருக்குப் போகாது, கொஞ்சம் பைக்கு அடியில் ஒழுகிப் போயிருக்கும். என்றாலும் இது மிக அதிகம்.

இயற்கையா செயற்கையா என்பதை வேர் பார்ப்பதில்லை. பிண்ணாக்கின் புரதத்தை மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் உடைத்து முதலில் அம்மோனியமாக்கும், பிறகு நைட்ரேட்டாக்கும். வேர் பெரும்பாலும் இந்த இரண்டு வடிவத்தில்தான் எடுக்கிறது. யூரியாவும் கடைசியில் இங்கேதான் வந்து சேர்கிறது. வேகத்தில் வித்தியாசம் உண்டு, பிண்ணாக்கு மண்ணின் உயிர்களுக்கும் தீனி போடும், அதெல்லாம் நல்லதுதான். ஆனால் அளவு மீறினால் மீறியதுதான்.

இனி வாசத்துக்கு வருகிறேன். ஃபீனைல்அலனின் என்று ஓர் அமினோ அமிலம் இருக்கிறது. செடிக்குள் அது நிற்கும் இடம் ஒரு முச்சந்தி. ஒரு பாதை புரதம் செய்யப் போகிறது. புது இலை, புதுத் தண்டு எல்லாவற்றுக்கும் புரதம் வேண்டும். இன்னொரு பாதையில் ஒரு நொதி அதிலிருந்து அம்மோனியாவைக் கழற்றிவிட்டு சின்னமிக் அமிலமாக மாற்றுகிறது. அங்கிருந்துதான் ஃபீனால் வகைப் பொருட்கள் பிறக்கின்றன: ஃப்ளேவனாய்டுகள், டானின், கருஞ்சிவப்பு தரும் அந்தோசயனின், துளசியின் காரமான மணத்துக்குக் காரணமான யூஜெனால். நாக்கில் துவர்ப்பாகத் தெரிவதில் பெரும்பங்கு இந்தக் குடும்பத்துடையது. ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்று ஆய்வகங்களில் அளப்பதிலும் முக்கியமானவை இவையே.

தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி முதல் பாதையில் ஓடுகிறது. இலை மேல் இலையாக விடுகிறது. தழைச்சத்து குறைந்தால் புது இலை விடுவது முதலில் நின்றுபோகும், ஆனால் ஒளிச்சேர்க்கை அவ்வளவு சீக்கிரம் நிற்காது. சர்க்கரை மிஞ்சும். அந்தச் சர்க்கரையில் உள்ள கார்பன் இரண்டாவது பாதையில் போகும். இந்த ஃபீனால்களின் மூலக்கூறில் நைட்ரஜன் அணுவே கிடையாது என்பதுதான் அழகு. கழற்றிய அம்மோனியாவையும் செடி வீணாக்காமல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கையில் காசில்லாத நேரத்தில் காசு செலவாகாத வேலையைச் செய்வது போல.

இதை 1983இல் பிரையன்ட், சேப்பின், கிளைன் மூவரும் ஒரு கருதுகோளாக வைத்தார்கள். 1992இல் ஹெர்ம்ஸ், மேட்சன் இருவரும் 'வளர்வதா, தற்காத்துக்கொள்வதா' என்ற செடியின் தடுமாற்றமாக அதை விரித்து எழுதினார்கள். மிஞ்சிய சர்க்கரை வழிந்து ஓடுவது மட்டுமே காரணம் என்று இன்று யாரும் சொல்வதில்லை. அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில், நைட்ரேட் இருக்கும்போது அந்தோசயனின் உற்பத்தியை அடக்கிவைக்கும் மூன்று மரபணுக்களை 2009இல் அடையாளம் கண்டார்கள். செடி தன் தழைச்சத்தை உணர்ந்து தானே அந்தக் கதவைத் திறக்கிறது, மூடுகிறது.

துளசியின் நெருங்கிய உறவான திருநீற்றுப்பச்சிலையில் நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள். 2008இல் வெளியான ஆய்வில், குறைந்த தழைச்சத்தில் வளர்ந்த செடிகளில்தான் ரோஸ்மரினிக் அமிலம் என்ற ஒரு ஃபீனாலும் மொத்த ஃபீனால்களும் அதிகம். உங்கள் மாமியாரின் நாக்கு தவறு செய்யவில்லை.

அல்சூர் தொட்டிச்செடி | ஜூன் 9, காலை 6.15

ஹெப்பாள் தம்பி சொன்னதைப் படித்துவிட்டு யாரும் நாளை காலையில் உரத்தை அடியோடு நிறுத்திவிட வேண்டாம். நான் அதைச் செய்து பார்த்தவன்.

போன வருடம் 'செடியைப் பட்டினி போட்டால் சத்து கூடும்' என்று ஒரு காணொளியில் கேட்டேன். காய்ந்த இலைச் சருகையும் மரத்தூளையும் மட்காமலேயே பையில் நிரப்பி, மேலே கொஞ்சம் மண் போட்டு பாலக்கீரையும் சிறுகீரையும் விதைத்தேன். மூன்றாம் வாரம் அடியிலைகள் மஞ்சளாகின. ஐந்தாம் வாரம் ஒரு ஜாண் உயரத்திலேயே பூ எடுத்துவிட்டது. தண்டு நார், இலை விரல் நுனி அளவு. எட்டுப் பையில் பறித்தது ஒரு வேளைக் கூட்டுக்குக் காணவில்லை. பேரன் ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பிவிட்டான். கீரைக்காரம்மாவிடம் கீரைக் கட்டு வாங்கித்தான் அன்று சமையல் நடந்தது.

மட்காத சருகு மண்ணில் கிடந்தால் அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களே இருக்கிற தழைச்சத்தை எல்லாம் தமக்கென்று பிடித்து வைத்துக்கொள்ளும் என்று பிறகுதான் தெரிந்தது. கிராமுக்கு எவ்வளவு சத்து என்பது ஒரு கணக்கு. தட்டில் எவ்வளவு விழுகிறது என்பது வேறு கணக்கு. இரண்டையும் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

வைட்ஃபீல்டு 9வது மாடி | ஜூன் 9, மதியம் 1.05

எங்கள் குடியிருப்பில் தோட்டத்துக்குச் சுத்திகரித்த கழிவுநீர்தான் வருகிறது. அதிலும் தழைச்சத்து இருக்கும் என்கிறார்கள். போர் தண்ணீரில் நைட்ரேட் அதிகம் என்றும் கேள்விப்பட்டேன். நான் உரமே போடாமல் இருந்தாலும் செடிக்கு அதிகமாகிவிடுமா?

ஹெப்பாள் ஆய்வகம் | ஜூன் 9, இரவு 8.45

குடிநீரில் நைட்ரேட்டுக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அதில் நைட்ரஜன் மட்டும் என்றால் சுமார் 10 மில்லிகிராம். உங்கள் போர் தண்ணீர் சரியாக அந்த அளவில் இருந்து, நீங்கள் பைக்கு நாளுக்கு ஒரு லிட்டர் ஊற்றினால் வாரம் 0.07 கிராம். ராமமூர்த்திநகர் அக்கா ஊற்றியதில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. செடிக்கு அது பிரச்சினை இல்லை. குடிப்பவர்களுக்கு 45ஐத் தாண்டுவது பிரச்சினை, அதைத் தனியாகச் சோதித்துக்கொள்ளுங்கள்.

சுத்திகரித்த தண்ணீரில் அம்மோனியா எவ்வளவு மிச்சம் என்பது உங்கள் நிலையம் எப்படி ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. ஆனால் எனக்குக் கவலை தழைச்சத்து அல்ல, கிருமி. அந்தத் தண்ணீரைக் குரோட்டன்ஸுக்கும் புல்தரைக்கும் விடுங்கள். கொத்தமல்லி, புதினா போல பச்சையாக வாயில் போகும் எதற்கும் தயவுசெய்து வேண்டாம்.

பானஸ்வாடி அம்மா | ஜூன் 10, காலை 11.30

என் மகளுக்கு ஒன்றரை வயது. கண்ணுக்கு நல்லது என்று தினமும் கீரை மசித்துக் கொடுக்கிறேன். மாடியில் சிவப்புத் தண்டுக்கீரை வைத்திருக்கிறேன். அது நல்ல சிவப்பாக இருப்பதால் அதில் தழைச்சத்து குறைவு, ஆன்டி-ஆக்ஸிடன்ட் அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாமா? பெயின்ட் வாளித் துளசி சிவந்தது போல?

ஹெப்பாள் ஆய்வகம் | ஜூன் 10, இரவு 10.10

எடுத்துக்கொள்ள முடியாது. தண்டுக்கீரையின் சிவப்பு வேறு சிவப்பு. துளசி, கத்தரிக்காய், நாவல் பழம் இவற்றில் இருப்பது அந்தோசயனின். தண்டுக்கீரை, பீட்ரூட், காகிதப்பூ இவற்றில் இருப்பது பீட்டாலைன். ஒரு செடியில் ஒன்று இருந்தால் மற்றது இருக்காது, இது தாவர உலகின் பெரிய விநோதங்களில் ஒன்று. பீட்டாலைன் பிறப்பது டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து, அதன் மூலக்கூறில் நைட்ரஜன் உண்டு. ஆகவே 'தழைச்சத்து குறைந்தால் சிவப்பு கூடும்' என்ற துளசிக் கணக்கு தண்டுக்கீரைக்குச் செல்லாது. அந்தச் சிவப்பு முதலில் ரகத்தின் குணம். ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா அருணிமா ரகத்தை விதைத்தால் நல்ல உரத்திலும் சிவப்பாகத்தான் வரும்.

உங்கள் மகளின் கண்ணுக்கு வேண்டியது பீட்டா-கரோட்டின். அது இலையின் பசுங்கணிகத்துக்குள் பச்சையத்தோடு ஒட்டி வாழ்வது. பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு நைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன. தழைச்சத்து போதுமான அளவு கிடைத்தால் இலை கரும்பச்சை ஆகும், கரோட்டினும் சேர்ந்து கூடும். வைட்டமின் சி-க்கு நேர் எதிர். தழைச்சத்து உரம் கூடக்கூடப் பல காய்கறி, பழங்களில் அது குறைகிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டது.

'ஆன்டி-ஆக்ஸிடன்ட்' என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் குழப்பம். அது ஒரு பொருள் அல்ல, பல குடும்பங்கள் வாழும் ஒரு தெரு. தழைச்சத்து வந்தால் சில வீடுகளில் விளக்கு எரியும், சில வீடுகளில் அணையும். பட்டினி போட்ட வெளுத்த கீரையைக் குழந்தைக்குக் கொடுப்பது சரியல்ல.

தங்கவயல் விவசாயி மகன் | ஜூன் 11, காலை 5.50

குழந்தைக்குக் கொடுப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அளவுக்கு மீறி உரம் போட்டால் கீரை எடுத்த நைட்ரேட் முழுவதையும் புரதமாக்க முடியாமல் இலையிலேயே சேர்த்து வைக்கும். நைட்ரேட்டை மாற்றும் நொதி வேலை செய்ய வெயில் வேண்டும். நம் பெங்களூரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பாதி நாள் மேகம். அதற்கு மேல் ஐம்பது சதவீத நிழல்வலை வேறு கட்டியிருப்பார்கள். நிழலும் உரமும் சேர்ந்தால் நைட்ரேட் இலையில் ஏறும், ஃபீனால் இறங்கும். ஃப்ளேவனாய்டு என்பது கடும் வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் செடி போட்டுக்கொள்ளும் போர்வை. வெயிலே இல்லை என்றால் போர்வை எதற்கு? மழைக்காலத்தில் வலையைச் சுருட்டி வையுங்கள்.

என் அப்பா கீரையை மாலை வெயில் தாழும்போதுதான் அறுப்பார். காலையில் அறுத்தால் சந்தைக்கு வாடாமல் போகும், ஆனால் வீட்டுக்கு என்றால் மாலைதான். பகல் முழுவதும் வெயில் பட்ட இலையில் நைட்ரேட் குறைவு, சர்க்கரை அதிகம் என்று நான் படித்துத் தெரிந்துகொண்டது பல வருடம் கழித்து.

சமைத்த கீரையை வெளியே வைத்து இரவு வரை ஓட்டாதீர்கள். பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும், அது குழந்தைகளுக்கு ஆகாது. 'கீரையை ராத்திரிக்கு வெக்காதே' என்று நம் வீடுகளில் சொல்வதற்கு இதுவும் ஒரு நல்ல காரணம். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்.

குன்னூர்க்காரன், மாரத்தஹள்ளி | ஜூன் 11, இரவு 9.00

தேயிலைக் குடும்பத்துப் பையன் என்பதால் ஒன்று சொல்கிறேன். எங்கள் பயிரில் இந்த இழுபறியை நாக்கிலேயே பார்க்கலாம். தழைச்சத்து கூடினால் கொழுந்தில் தியானின் போன்ற அமினோ அமிலங்கள் கூடும், துவர்ப்பைத் தரும் கேட்டச்சின் அந்த அளவுக்குக் கூடாது, பல சமயம் குறையும். ஜப்பானில் கியோகுரோ தேயிலைக்குப் பறிப்பதற்கு முன் சுமார் மூன்று வாரம் செடியை நிழலால் மூடி, உரமும் தாராளமாகப் போடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது துவர்ப்பு இல்லாத, இனிப்பான மென்சுவை. நமக்குப் பால் ஊற்றினாலும் எழுந்து நிற்கும் கடுப்பு வேண்டும், அதற்குக் கேட்டச்சின் வேண்டும். எது நல்ல இலை என்பது யார் குடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

அல்சூர் தொட்டிச்செடி | ஜூன் 12, காலை 6.40

நல்ல தகவல். ஹெப்பாள் தம்பிக்கு ஒரு கேள்வி. கடைப் பொட்டலங்களில் ஆன்டி-ஆக்ஸிடன்ட் மதிப்பு இவ்வளவு என்று எண் போடுகிறார்களே, அதை நம்பலாமா?

ஹெப்பாள் ஆய்வகம் | ஜூன் 12, இரவு 8.20

அந்த எண் சோதனைக் குழாயில் எடுத்தது. குழாயில் ஒரு சாறு எவ்வளவு வேகமாக ஒரு வேதிப்பொருளை அடக்குகிறது என்று அது சொல்லும். உடலுக்குள் போய் என்ன செய்கிறது என்று சொல்லாது. அமெரிக்க வேளாண் துறை இப்படி ஒரு பெரிய பட்டியலை இணையத்தில் வைத்திருந்தது. உடல்நலத்தோடு அந்த எண்களுக்குத் தொடர்பு காட்ட முடியவில்லை, வியாபாரிகள் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று 2012இல் அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே கீரையை மருந்தாக எண்ணி மில்லிகிராம் கணக்குப் பார்க்காதீர்கள். வாசமும் துவர்ப்பும் நிறமும் செடியின் நிலையைச் சொல்லும் நல்ல அடையாளங்கள், அந்த அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ராமமூர்த்திநகர் அக்கா, நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாமே? ஒன்பது பை போதும். வாரம் ஒரு முறை பைகளை இடம் மாற்றி வையுங்கள், இல்லாவிட்டால் வெயில் படும் இடம் முடிவைக் கெடுத்துவிடும்.

ராமமூர்த்திநகர் மாடி | ஆகஸ்ட் 3, காலை 7.15

தாமதத்துக்கு மன்னிக்கவும். செய்து பார்த்துவிட்டேன்.

பெயின்ட் வாளித் துளசியின் நாற்றுகள் ஒன்பது. எல்லாப் பையிலும் ஒரே மண், ஒரே மண்புழு உரம். மூன்று பைக்குப் பழைய அளவில் பிண்ணாக்குக் கரைசல், மூன்றுக்கு அதில் எட்டில் ஒரு பங்கு, மூன்றுக்கு வெறும் தண்ணீர். ஏழு வாரம் கழித்து நேற்று மாலை இலைகளை மட்டும் கிள்ளிச் சமையலறைத் தராசில் நிறுத்தேன். முழு அளவு பெற்ற மூன்று பையும் சேர்த்து 190 கிராம். எட்டில் ஒரு பங்கு பெற்றவை 165. வெறும் தண்ணீர் 60.

மாமியாரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, எது எது என்று எனக்கும் தெரியாதபடி மகனை விட்டு இலைகளைக் கொடுக்க வைத்தோம். ஐந்து சுற்று. முழு அளவு உரம் போட்ட இலையை ஐந்து தடவையும் 'இது அந்தப் புல்லு' என்று ஒதுக்கிவிட்டார். மற்ற இரண்டுக்கும் நடுவில் அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டு தடவை இதை நல்லது என்றார், மூன்று தடவை அதை.

எட்டு மடங்கு பிண்ணாக்கு எனக்குக் கூடுதலாகக் கொடுத்தது 25 கிராம் இலை, அதுவும் வாசம் இல்லாதது. ஐந்து மாதத்தில் இருபது கிலோ பிண்ணாக்குக்கு மேல் வாங்கியிருக்கிறேன்.

புதினாவில் மட்டும் கதை வேறு. உரம் போட்டதற்கும் குறைத்ததற்கும் வாசத்தில் எங்கள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஏன் தம்பி?

ஹெப்பாள் ஆய்வகம் | ஆகஸ்ட் 3, இரவு 9.40

அக்கா, அருமையாகச் செய்திருக்கிறீர்கள். ஒன்பது பைதான், ஒரு பருவம்தான், என்றாலும் கண் கட்டிச் சோதித்தது பெரிய விஷயம்.

புதினாவின் மணம் டெர்பீன் வகை. அது நான் சொன்ன முச்சந்தி வழியாக வருவதே இல்லை, வேறு பாதையில் சர்க்கரையின் சிதைவுப் பொருட்களிலிருந்து வருகிறது. இலையின் மேல் உள்ள நுண்ணிய சுரப்பிகளில் சேர்கிறது. ஃபீனைல்அலனினுக்கு நடக்கும் போட்டி அங்கே கிடையாது. ஆனால் புதினாவிலும் ரோஸ்மரினிக் அமிலம் உண்டு, அது முச்சந்திப் பிள்ளைதான். அது குறைந்திருந்தால் மூக்குக்குத் தெரியாது. இலையை மென்றுவிட்டு வாய் வறள்கிறதா என்று பாருங்கள்.

ராமமூர்த்திநகர் மாடி | ஆகஸ்ட் 4, காலை 6.30

மென்று பார்த்தேன். உரம் குறைத்ததில்தான் நாக்கு லேசாக இழுக்கிறது. மாமியாரிடமும் கொடுத்தேன், அவரும் அதையே காட்டினார்.

பெயின்ட் வாளித் துளசி இப்போது கதிர் விட்டுக் காய்கிறது. விதை வேண்டுபவர்கள் சொல்லுங்கள், உறையில் போட்டு அனுப்புகிறேன். அல்சூர் ஐயாவுக்கு முதல் உறை எடுத்து வைத்துவிட்டேன்.

அல்சூர் தொட்டிச்செடி | ஆகஸ்ட் 4, காலை 6.55

நன்றி அம்மா. இந்தத் தடவை நன்றாக மட்கிய தொழு உரத்தில்தான் விதைப்பேன்.